கிணற்றுக்குள் அண்ணன்

எங்கள் கிணற்றில் அண்ணனின் நெற்றி முதன்முதலாகத் தெரிந்தது ஒரு பங்குனி மாதத்து உச்சி வெயிலில்.

கயிற்றில் குடத்தைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மற்ற நேரங்களில் அந்தக் கிணறு இருட்டாகத்தான் கிடக்கும். உச்சியில் மட்டும் வெயில் நேராக உள்ளே இறங்கி அடிவரைக்கும் காட்டிவிட்டுப் போகும். அன்றைக்கு அப்படிக் காட்டியபோது, பாறைத் திட்டுக்கு மேலே, தண்ணீருக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் இருந்தன.

குடம் தண்ணீரைத் தொட்டது. அலை எழும்பியது. நெற்றி சுருங்கிற்று.

நான் கயிற்றை விட்டுவிட்டேன். குடமும் கயிறும் சேர்ந்தே உள்ளே போயின. பின்னால் நின்ற அண்ணி எட்டிப் பார்த்தாள். கிணற்றையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"கல்லு. வெறும் கல்லு" என்றாள். "போய் வேற கயிறும் குடமும் எடுத்தா."

நான் கொண்டுவந்து கொடுத்ததும் தானே தண்ணீர் சேந்தினாள். அந்தத் தண்ணீரில்தான் அன்றைக்குச் சோறு பொங்கியது. என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

இந்தக் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன் என்று போன வாரம் இந்தத் தொடரில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிறகு கொள்ளு ரசத்தைப் பற்றி எழுதித் தப்பித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் கண் மங்கிக்கொண்டு வருகிறது. நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

சந்தையில் பாடிய பெட்டி

என் அண்ணன் பெயர் மாதையன். எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் ஏரிக்கும் நடுவில், மானாவாரி நிலத்தை நம்பிக் கிடந்த ஒரு சிற்றூர். கேழ்வரகு, கொள்ளு, மழை பெய்தால் நிலக்கடலை. அந்த ஊரிலிருந்து தருமபுரிப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரைக்கும் போய் இங்கிலீஷ் பேசத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அண்ணன். கடைசி ஆளும் ரொம்ப நாளைக்கு அவன்தான்.

சண்டைக்கு ஆள் எடுப்பவர்கள் காரிமங்கலம் சந்தைக்கே வந்தார்கள். ஒரு மேசை, அதன்மேல் குழாய் வைத்த பாட்டுப் பெட்டி. மாடு விற்க வந்த கூட்டம் மாட்டை மறந்துவிட்டுப் பாட்டுக் கேட்டது. அண்ணன் பாட்டுக் கேட்கவில்லை. நேராக மேசைக்குப் போய் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ப்ளேன்ல போகப் போறேன்" என்றான். அம்மா, பஸ்ஸில் போகப்போகிறான் என்பதைப்போல, "சரி, சாப்புட்டுப் போ" என்றாள்.

பயிற்சி முடித்து லீவில் வந்தபோது கல்யாணம் செய்து வைத்தார்கள். நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெண், பெயர் காவேரி. அண்ணனோடு அவள் வாழ்ந்தது அந்த லீவு முடியும்வரைதான். தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை.

எங்கள் பக்கம் ஓடிய சின்ன ரயிலை அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அம்மா அந்த ரயில் கூவுவதைக் கேட்டுத்தான் உலை வைப்பாள். தண்டவாளம் போன பிறகும் சரியாக அதே நேரத்துக்கு எழுந்துபோய் உலை வைத்தாள். "எப்படிம்மா நேரம் தெரியுது?" என்று கேட்டால், "கூவுச்சே, உனக்குக் கேக்கலியா?" என்பாள். எனக்குக் கேட்டதில்லை. கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லவும் பயமாக இருக்கும்.

அதனால் பெரிய ரயிலைப் பிடிக்க அண்ணன் மொரப்பூருக்கு நடந்தும் வண்டி பிடித்தும் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது அப்பா அவன் நெற்றியில் திருநீறு பூசினார்.

"ஏரிக்கரை தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்காத. பாக்காம போனாத்தான் போன காரியம் முடிச்சுட்டு நல்லபடியா வூடு வந்து சேருவ."

எங்கள் வீட்டில் அது கட்டளை. சந்தைக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் வாசல் தாண்டியவர் பின்னால் பார்க்கக் கூடாது. அண்ணன் பார்க்கவில்லை. அண்ணி கதவோரம் நின்று, அவன் தலை கரைக்கு அந்தப்பக்கம் இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ பாத்திருக்கலாம் இல்ல, பாப்பா?"

எனக்கு அப்போது பதினைந்தோ பதினாறோ வயது.

"பாக்காம போனா நல்லபடியா வருவாங்களாமே. மாமா சொன்னாரே. அப்ப வரட்டும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்த காலத்தையெல்லாம் அவள் தாண்டினாள்.

காணவில்லை என்றால் தேடினார்களா?

பர்மாப் பக்கம் குண்டு போடப் போன விமானம் வரவில்லை, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார். அப்பா எழுந்து நின்றார்.

"காணோம்னா? தேடினாங்களாமா?"

மாடு காணாமல் போனால் காடு காடாகத் தேடுகிற மனிதர். ஓர் ஆள் காணாமல் போனதற்குக் காகிதம் மட்டும் வந்தது அவருக்குப் புரியவே இல்லை. அடுத்த அறுவடையும் முடிந்த பிறகு இன்னொரு காகிதம் வந்தது. இனி இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது அது.

அண்ணி கொள்ளவில்லை. காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைக்க வந்தபோது, "யாருக்கு?" என்று கேட்டாள். வந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார்கள்.

அப்பாவுக்கு வேறு கவலை. எங்கள் பக்கம் காட்டிலும் மேட்டிலும் பழைய கற்கள் நிற்கும். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு கட்டிப் புரண்டு செத்தவன் என்று கல்லில் ஆள் செதுக்கி நட்டிருப்பார்கள். வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். சண்டையில் விழுந்தவனுக்குக் கல் நட வேண்டும்; நடாவிட்டால் அவனுக்கு நிற்க இடம் இருக்காது, அலைவான். அண்ணனுக்கோ உடம்பும் இல்லை, எரித்த இடமும் இல்லை.

கல் நட்டால் காரியம் செய்ய வேண்டும். காரியம் செய்தால் அண்ணி தாலியை அறுக்க வேண்டும். "கல்ல நட்டீங்கன்னா நான் கெணத்துல எறங்கிடுவேன் மாமா" என்று அமைதியாகச் சொல்லிவிட்டாள். இறங்குவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதற்கு நடுவில் பேசி முடித்திருந்த என் கல்யாணமும் நின்றது. செத்தானா இருக்கிறானா என்று தெரியாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளிடம் சொல்லாமலே எல்லப்பனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எல்லப்பன் கொண்டுவந்த கல்

எல்லப்பன் கல் வேலை செய்கிறவர். ஆட்டுக்கல், அம்மிக்கல், அவ்வப்போது சாமிக் கல். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எதன்மேல் போனார், கையில் என்ன வைத்திருந்தார் என்று அவர் கேட்டதற்கு, "ப்ளேன்ல போனான், துப்பாக்கி வெச்சிருந்தான்" என்றார் அப்பா. எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். அண்ணன் கடிதங்களில் நலம், நலமறிய ஆவல் தவிர ஒன்றும் இருக்காது. ப்ளேனைக் கிட்டத்தில் பார்த்தவர் எங்கள் ஊரில் யாருமில்லை. பழைய கற்களில் குதிரைமேல் போனவன் குதிரைமேல் இருக்கிறான். ஆகவே அண்ணன் இறக்கை விரித்த ஒரு பறவையின்மேல் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

நாள் தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாகக் கல் வண்டியில் வந்தது. மேலே சாக்கு போர்த்தியிருந்தது. எல்லப்பன் வண்டியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

அப்பாவே சாக்கை விலக்கினார்.

பறவை அழகாக இருந்தது. துப்பாக்கி இருந்தது. முகம் அண்ணன் முகமேதான். எல்லப்பன் அவனைச் சின்ன வயதில் சந்தையில் பார்த்ததோடு சரி, எப்படி அந்தத் தாடை வந்ததென்று தெரியவில்லை. ஆனால் பறவையின் மூக்கு ஒரு பக்கம் இருந்தது, அண்ணனின் முகம் மறுபக்கம் இருந்தது. பறவை முன்னால் பறக்க, அவன் அதன் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்பாவுக்கு முகம் கறுத்தது. "என்னா பண்ணி வெச்சிருக்க? தப்புப் பண்ணவனக் கழுதமேல ஏத்தி ஊர்கோலம் விடறப்பத்தான் இப்படிப் பின்னாடி பாக்க உக்கார வெப்பாங்க. எம் மவன் என்னா தப்புப் பண்ணான்?"

எல்லப்பன் அழுதார்.

"மொகத்த முன்னாடி வெச்சுத்தான் ஆரம்பிச்சேனுங்க. மூக்கு வரைக்கும் வந்தேன், கழுத்துல வெடிச்சுப் போச்சு. வேற கல்லு எடுத்தேன். அதுவும் அதே எடத்துல வெடிச்சுது. மூணாவது கல்லுல நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. கை அதுவாத் திருப்பிப் போட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு சில்லு தெறிக்கல. எனக்கே பயமா இருக்குதுங்க அய்யா, நீங்களே வெச்சுக்கோங்க."

"கண்ணு தெறந்துட்டியா?"

"தெறந்துட்டேனுங்க."

கண் திறந்த கல்லை உடைக்கக் கூடாது, தூக்கி எறியவும் கூடாது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அண்ணி வெளியே வந்தாள். கத்துவாள், கிணற்றுக்கு ஓடுவாள் என்று நான் அவள் கையைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். அவள் கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் எனக்கு அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"இது அவரில்ல மாமா. அவரு திரும்பிப் பாக்காம போனவரு. இது யாரோ, பின்னாடியே பாத்துக்கிட்டுப் போறாரு. எங்க வேணா வெச்சுக்கோங்க."

நடுவதற்கு முன் கல்லைத் தண்ணீரில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். உளி பட்ட சூடு தணியட்டும் என்பார்கள். அப்பா அந்த வழக்கத்தைச் சாக்காகச் சொல்லிக் கல்லைக் கிணற்றுக்குள் இறக்கிப் பாறைத் திட்டில் சாய்த்து வைக்கச் சொன்னார். நடவும் மனமில்லை, நடாமலிருக்கவும் மனமில்லை. தண்ணீர் அதை மூடிக்கொண்டது.

தண்ணீர் இறங்க இறங்க

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு இறங்கியது. முதலில் நெற்றி. பிறகு கண்கள். பிறகு மீசை. ஈரமாக இருக்கும்போது கல் கறுப்பாக, மனிதத் தோல் மாதிரியே இருந்தது.

எங்கள் கிணற்றில் ஒரு பக்கம் குடிக்கச் சேந்துவோம், மறுபக்கம் கவலை ஏற்றம் கட்டி மாடு வைத்து இறைப்போம். பெரிய தோல்பை ஒவ்வொரு தடவை தண்ணீரில் விழும்போதும் அலை அடித்துத் தாடைவரை ஏறி இறங்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அண்ணன் எதையோ விழுங்குவது தெரியும். கவலை மாடுகள் இழுக்கும்போது முன்னால் இறங்கும், பை காலியானதும் பின்னாலேயே ஏறி வரும். அப்படி ஏறி வந்து கிணற்று விளிம்பில் நிற்கும்போது அவை காதை மடக்கி, மூச்சை உஸ்ஸென்று விட்டன. அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் கிணற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். நடாத கல் கிணற்றில் கிடப்பதால்தான் மழை வரவில்லை, ஒன்று நடுங்கள், இல்லை வேறெங்காவது கொண்டுபோங்கள் என்றார்கள். அப்பா இரண்டையும் செய்யவில்லை. அம்மா மட்டும் மத்தியானம் உலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஒரு கை சோற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

அண்ணி வழக்கம்போல் தண்ணீர் சேந்தினாள். குடம் அந்த முகத்தில் மோதாதபடி மட்டும் கயிற்றை ஒதுக்கிப் பிடிப்பாள். வெறும் கல் என்று சொல்கிறவள் ஏன் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்காமல் விட்ட கேள்விகளைச் சேர்த்தால் இந்தத் தொடர் முடியவே முடியாது.

பக்கத்திலிருந்து பார்த்தவர்

சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம், காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் காரிமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தே வந்தார். பெயர் தேவராஜ், திருப்பத்தூர்க்காரர். அண்ணன் போன விமானத்துக்கு அவர்தான் மெக்கானிக்.

"நானே வந்து சொல்லணும்னு இருந்தேங்க. பட்டாளத்துல இருந்து விடறதுக்கு இவ்வளவு நாளாயிடுச்சு" என்றார். சொல்ல அவரிடமும் அதிகமில்லை. இரண்டு பேர் போகிற விமானம். போனது, வரவில்லை. அவ்வளவுதான்.

அண்ணி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, கால் கழுவிக்கொள்கிறேன் என்று கிணற்றடிக்குப் போனார். கல்லைப் பற்றி அவரிடம் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்தது. தண்ணீர் அதற்குள் பறவையின் வால்வரைக்கும் வற்றி, கல் முழுசாகத் தெரிந்தது.

அவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இதச் செஞ்சவரு பட்டாளத்துல இருந்தவருங்களா?"

அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இல்லீங்க. தெரியாத ஆளு, தப்பாப் பண்ணிட்டான். மொகத்தத் திருப்பி வெச்சுட்டான். அதனாலதான் நடாம…"

"தப்பில்லீங்க. அவன் அப்படித்தான் உக்காருவான்."

தேவராஜ் கையை நீட்டிக் கல்லைக் காட்டினார்.

"ஓட்டறவரு முன்னாடி பாத்து உக்காருவாரு. மாதையன் அவருக்கு முதுகக் குடுத்து, வாலைப் பாத்துக்கிட்டு உக்காருவான். பின்னாடி தொரத்திக்கிட்டு வர்றவனச் சுடணும் இல்லீங்களா, அதுக்கு. இதையெல்லாம் லெட்டர்ல எழுதக் கூடாதுன்னு ஆர்டர். உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது யாருக்கும் தெரியாது. எல்லப்பனுக்கும் தெரியாது.

அண்ணி முன்னால் வந்தாள். அன்னிய ஆண்களிடம் அவள் நேராகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்ப, கெளம்பும்போது அவரு யாரப் பாத்துக்கிட்டு இருப்பாரு?"

தேவராஜ் அவளைப் பார்த்தார். "எங்களத்தாங்க. ப்ளேன் ஓட ஆரம்பிச்சா ஓட்டறவரு மொகம் எங்களுக்குத் தெரியாது. மாதையன் மொகம் மட்டும்தான் தெரியும். மேல ஏறிக் கண்ணுக்கு மறையற வரைக்கும் எங்களப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே போவான்."

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தாங்க."

அண்ணி எட்டிக் கிணற்றுக்குள் பார்த்தாள்.

"அப்ப அது அவருதான்" என்றாள்.

பிறகு கிணற்றுப் படியில் இறங்கினாள். நான் "அண்ணி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் தண்ணீரில் விழவில்லை. பாறைத் திட்டில் மண்டியிட்டு, அந்த முகத்தில் படிந்திருந்த பாசியை முந்தானையால் துடைத்தாள். கண், மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக, காய்ச்சல்காரருக்குத் துடைப்பது போலத் துடைத்தாள். பாசி போன இடத்தில் அண்ணன் பளிச்சென்று எங்களைப் பார்த்தான். அங்கேயிருந்தபடியே அவள் மேலே பார்த்துச் சொன்னாள்.

"மாமா, ஆளுங்களக் கூப்புடுங்க. அவர மேல ஏத்துங்க."

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது, இன்றைக்கும் முழுசாக நிற்கவில்லை.

குழி

கவலை மாடுகளையே பூட்டிக் கல்லை இழுத்தார்கள். மாடுகள் இந்தத் தடவை ஒரு சத்தமும் போடவில்லை. ஏரிக்கரைக்குப் போகிற மேட்டில் குழி தோண்டினார்கள். எல்லப்பனும் வந்திருந்தார், தள்ளியே நின்றார். அப்பா அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழியில் செத்தவனுடைய பொருள் ஏதாவது போட்டுத்தான் கல் நட வேண்டும். அண்ணன் பொருள் எங்களிடம் என்ன இருந்தது? அப்பா வீட்டுக்குள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

தாலியை அறுக்க ஊரில் வயதான பெண்கள் இருப்பார்கள், அவர்கள்தான் செய்ய வேண்டும். அண்ணி அவர்களைக் கிட்டே விடவில்லை. தானே கழுத்திலிருந்து கழற்றிக் குழியில் வைத்தாள்.

"இதுவும் அவருதுதான். நடுங்க" என்றாள்.

பறவையின் மூக்கு கிழக்கே, பர்மாப் பக்கம் இருக்கும்படி நட்டார்கள். அண்ணன் முகம் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றது. பொங்கல் வைத்துக் கும்பிட்டு முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கெளம்புங்க. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது."

வரிசையாக இறங்கினோம். அம்மா, நான், ஊர்ச் சனம், கடைசியில் அண்ணி. பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் புரிந்தது. முன்னால் போன அப்பாவுக்கும் புரிந்திருக்கும். அவரும் நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

போடவில்லை. அவரும் மெதுவாகத் திரும்பினார். பிறகு நாங்கள் எல்லோருமே திரும்பிப் பார்த்தோம்.

மேட்டின்மேல் அண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.